கணினி விழிக்க மறுத்தால்…

பழைய கணினியின் வேகம் குறையும்போது பலர் அதன் வன்தட்டை மாற்ற முற்படுகின்றனர். சுழலும் தட்டுகளைக் கொண்ட வன்தட்டைவிட, அசையும் பாகங்களே இல்லாத திடநிலை வட்டு தரவுகளைப் பல மடங்கு விரைவாகப் படிக்கும். ஆயினும், புதிய வட்டைப் பொருத்திப் பொத்தானை அழுத்தியதும், சில வேளைகளில் கருந்திரையே தோன்றுகிறது. அல்லது, தொடங்குவதற்குரிய வட்டு இல்லை என்ற அறிவிப்பு வருகிறது. உடனே வட்டு பழுதென்று கடைக்குத் திருப்பிக் கொடுப்போர் உண்டு. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுவோரும் உண்டு. இவ்விரண்டையும் செய்வதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: கணினி எந்தக் கட்டத்தில் நின்றுவிட்டது?

கணினி தொடங்கும் முறை, பள்ளி விளையாட்டுப் போட்டியில் நடைபெறும் அஞ்சல் ஓட்டத்தைப் போன்றது. ஒவ்வோர் ஓட்டக்காரரும் தமக்குரிய தூரத்தை ஓடி, கோலை அடுத்தவரிடம் ஒப்படைக்கிறார். ஒருவர் கோலைத் தவறவிட்டாலும் அணி இறுதிக் கோட்டை எட்டாது. அதற்காக நால்வரையும் குறைகூறுவதில் பயனில்லை. கோல் எங்கே விழுந்தது என்று பார்ப்பதே அறிவுடைமை.

முதல் கட்டம், சுய சோதனை. தாய்ப்பலகையில் உள்ள சில்லு ஒன்றில் தொடக்க மென்பொருள் பதிந்திருக்கிறது. 1981ஆம் ஆண்டு ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினியில் இது ‘பயாஸ்’ எனப்பட்டது. இன்றைய கணினிகளில் ‘யூஇஎஃப்ஐ’ என்னும் புதிய முறை அதன் இடத்தைப் பிடித்துள்ளது. மின்சாரம் பாய்ந்தவுடன் இம்மென்பொருள் நினைவகம் முதலிய உறுப்புகளைச் சோதிக்கிறது. திரையில் எதுவும் தோன்றாமல் ‘பீப்’ ஒலி மட்டும் கேட்டால், சிக்கல் பெரும்பாலும் வட்டில் இல்லை. வட்டை மாற்றும்போது கை பட்டு நினைவகப் பலகை தளர்ந்திருக்கலாம். மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு அதனை மீண்டும் சரியாகப் பொருத்திப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் கட்டம், வட்டைத் தேடுதல். கணினியை இயக்கியவுடன் ‘எஃப்2’ அல்லது ‘டெலிட்’ விசையை அழுத்தினால், பல கணினிகளில் அமைப்புத் திரை தோன்றும். அங்குள்ள பட்டியலில் புதிய வட்டின் பெயர் இடம்பெற்றுள்ளதா என்று பார்க்க வேண்டும். பெயர் இல்லையெனில், இணைப்பு தளர்ந்திருக்கலாம். வட்டின் வகை பொருந்தாமலும் இருக்கலாம். மெல்லிய பட்டை போன்ற ‘எம்.2’ வட்டுகளில் ‘சாட்டா’, ‘என்விஎம்இ’ என இரு வகைகள் உள்ளன. தோற்றத்தில் ஏறக்குறைய ஒன்றுபோல் இருந்தாலும், ஒரு வகையை மட்டும் ஏற்கும் கணினி மற்றதைக் கண்டறியாது. பட்டியலில் பெயர் இருந்தால், கணினி வட்டைக் கண்டுகொண்டது என்று பொருள். அப்போது தொடக்க வரிசையில் அதனை முதலிடத்திற்குக் கொண்டுவந்தாலே கணினி தொடங்கிவிடக்கூடும்.

மூன்றாம் கட்டம், தொடக்க நிரலின் பணி. இயங்குதளத்தை எழுப்பும் இச்சிறிய நிரல், வழக்கமாகக் கண்ணுக்குத் தெரியாத தனிப் பகுதியில் வைக்கப்பட்டிருக்கும். பழைய வட்டிலிருந்து கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் இந்நிரல் உடன் வருவதில்லை. எனவே, வட்டு முழுவதையும் உள்ளது உள்ளபடி படியெடுக்கும் மென்பொருளைப் பயன்படுத்த வேண்டும். வட்டைப் பகுக்கும் முறையும் கவனத்திற்குரியது. விண்டோஸ் இயங்குதளம் பயாஸ் முறையில் தொடங்க ‘எம்பிஆர்’ பகுப்பும், யூஇஎஃப்ஐ முறையில் தொடங்க ‘ஜிபிடி’ பகுப்பும் தேவை. இவை மாறியிருந்தால், நல்ல வட்டும் தொடங்காது.

இக்கட்டத்தில் பலரை ஏமாற்றும் நிலை ஒன்று உண்டு. பழைய வட்டும் இணைந்திருக்கும்போதே ஒருவர் புதிய வட்டில் விண்டோஸை நிறுவுகிறார் எனக் கொள்வோம். கணினி நன்றாக இயங்குகிறது. ஒரு வாரம் கழித்துப் பழைய வட்டைக் கழற்றியதும் கணினி தொடங்க மறுக்கிறது. புதிய வட்டு அதற்குள் கெட்டுவிட்டதா? இல்லை. நிறுவும்போது, பழைய வட்டில் ஏற்கெனவே இருந்த தொடக்கப் பகுதியையே விண்டோஸ் பயன்படுத்திக்கொண்டது. இயங்குதளம் ஒரு வட்டில், அதனை எழுப்பும் நிரல் வேறொரு வட்டில்! பழைய வட்டை மீண்டும் இணைத்ததும் கணினி தொடங்கினால், காரணம் உறுதியாகிவிடும். அதன்பின், நிறுவல் விரலியில் உள்ள பழுதுபார்க்கும் வசதியைக் கொண்டு புதிய வட்டிலேயே தொடக்க நிரலை அமைக்கலாம். இதனைத் தவிர்க்க விரும்புவோர், நிறுவும்போது புதிய வட்டை மட்டும் இணைத்திருப்பது நல்லது.

நான்காம் கட்டம், இயங்குதளம் விழித்தெழுதல். சின்னம் தோன்றியபின் நீலத்திரை வந்து கணினி மீண்டும் மீண்டும் தொடங்கினால், முதல் மூன்று கட்டங்களும் பெரும்பாலும் முடிந்துவிட்டன எனலாம். புதிய வட்டோடு பேசத் தேவையான இயக்கி மென்பொருள் கிடைக்காமல் இயங்குதளம் தடுமாறுகிறது. அமைப்புத் திரையில் சேமிப்பகக் கட்டுப்பாட்டு முறை மாற்றப்பட்டிருந்தால், முன்பிருந்த நிலைக்கே அதனைத் திருப்ப வேண்டும்.

எந்தக் கட்டமாயினும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும். மாற்றியதைக் குறித்தும் வைக்க வேண்டும். ஒரே சமயத்தில் ஐந்தை மாற்றினால், எது சிக்கலைத் தீர்த்தது, எது புதிய சிக்கலை உண்டாக்கியது என்பது தெரியாமல் போகும். பதறாத காரியம் சிதறாது.

வேலையைத் தொடங்கும் முன்னரே செய்ய வேண்டியவையும் உள்ளன. முக்கியக் கோப்புகளை வேறோர் இடத்தில் நகலெடுத்து வைக்க வேண்டும். ‘பிட்லாக்கர்’ பாதுகாப்பு உள்ள கணினி, வட்டையோ அமைப்பையோ மாற்றியபின் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். அதனையும் முன்பே எழுதி வைப்பது அவசியம். வட்டை வடிவமைக்கவா என்று கணினி கேட்டால், அவசரப்பட்டு இசைவு தரக்கூடாது.

பழுதான வட்டுக்குப் பதிலாகக் கடையில் வேறொன்றை வாங்கிவிடலாம். பல மாதம் உழைத்து முடித்த பள்ளித் திட்டப்பணியும், மறைந்த பாட்டியின் நிழற்படங்களும் எந்தக் கடையிலும் கிடைக்கமாட்டா. புதிய வட்டைக் கொண்டு கணினி பல நாள் தடையின்றித் தொடங்கி, எல்லாக் கோப்புகளும் திறக்கின்றன என்று உறுதியாகும் வரை பழைய வட்டை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.