இயந்திரத்திற்கும் பல் பார்த்தல்

நுழையும்முன்

சிறு உழவர் ஒருவர் பழைய டிராக்டர் வாங்கும்போது, அவர் குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பு ஒரே நாளில் கைமாறுகிறது. தோற்றத்தை நம்பாமல், கண்டும் கேட்டும் தொட்டும் ஆராய்ந்து முடிவு காணும் வழியை இப்பாடம் விளக்குகிறது.

மணப்பாறைச் சந்தையில் மாடு வாங்குவோர், கொம்பில் பூசிய வண்ணத்தைக் கண்டு விலை பேசுவதில்லை. வாயைத் திறந்து பல்லை எண்ணுவர், சுழி பார்ப்பர், நடக்கவிட்டுக் கால் ஊன்றும் முறையை நோக்குவர். இரண்டு பல், நான்கு பல், ஆறு பல் எனப் பல்லைக் கொண்டே வயதை உரைப்பர். ஏர்மாட்டின் இடத்தை இன்று டிராக்டர் பிடித்துக்கொண்டது. அதற்கும் வயதுண்டு, உழைத்த தழும்புண்டு, புதுப்பூச்சு மறைக்கும் நோயுமுண்டு. ஆதலால், மாட்டுக்குப் பல் பார்த்த அறிவு டிராக்டர் வாங்குவோர்க்கும் வேண்டும்.

தேவையை அளத்தல்

முதலில் ஆராய வேண்டியது இயந்திரத்தை அன்று, நம் நிலத்தை. கொத்துக்கலப்பை பூட்டிய டிராக்டர் ஓர் ஏக்கரை ஒருமுறை உழ ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். நான்கு ஏக்கர் நிலத்தில் இருபோகம், போகத்திற்கு நான்கு உழவு எனக் கொண்டால், ஆண்டுக்கு 32 மணி நேர வேலையே உள்ளது. இதற்காகக் கடன்பட வேண்டுமா? வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டர்களை மணிக்கணக்கில் வாடகைக்கு வழங்குகிறது. எனினும், பருவத்தில் எல்லாரும் ஒருங்கே கேட்பதால் வண்டி கிடைக்காமல் நிலத்தின் ஈரம் காய்ந்துபோவதும் உண்டு. அவ்விழப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அண்டை நிலங்களை உழுதல், தொழுவுரம் அள்ளுதல், விளைபொருள் ஏற்றிச் செல்லுதல் ஆகிய வேலைகளும் இருப்பின், சொந்த இயந்திரம் தன் செலவைத் தானே ஈட்டும்.

குளிர்ந்த எஞ்சின் கூறும் உண்மை

டிராக்டரைப் பார்க்கக் காலையில் செல்வதே நன்று. முதலில் எஞ்சினைத் தொட்டுப் பார்க்க வேண்டும். நாம் வருமுன்பே அது சூடேறியிருந்தால், குளிர்ந்த நிலையில் எளிதில் இயங்காத குறை மறைக்கப்பட்டிருக்கலாம். இயங்கத் தொடங்கியதும் புகையை நோக்குக. கரும்புகை, எரிபொருள் முழுமையாக எரியாததைக் காட்டும். காற்றுவடிகட்டி அடைபட்டிருந்தாலும் இது நேரும். நீலப்புகை, எஞ்சின் எண்ணெய் எரிவதைக் காட்டும். தேய்மானம் மிகுந்ததற்கு அஃது அறிகுறி. வெண்புகை சூடேறிய பின்னும் நீங்காவிடில் ஐயம் கொள்க. அளவுகோலில் ஒட்டிய எண்ணெய் பால்போல் வெளிறியிருந்தால், அதில் நீர் கலந்துள்ளது என்று பொருள். இத்தகைய எஞ்சினைச் செப்பனிடும் செலவு, குறைத்துப் பேசிய விலையை விழுங்கிவிடக்கூடும்.

உழைப்பின் தழும்புகள்

டிராக்டரின் வயதை ஆண்டைக் கொண்டு மட்டுமன்றி, அது ஓடிய மணிநேரத்தைக் கொண்டும் கணிப்பர். மணிநேரம் காட்டும் மீட்டர் குறைந்த எண்ணைக் காட்ட, கிளட்ச், பிரேக் மிதிகள் வழவழவெனத் தேய்ந்திருப்பின் மிதிகளையே நம்புக. நெல்வயலில் இரும்புச் சக்கரம் பூட்டிச் சேற்றுழவு செய்த வண்டியாயின், பின் அச்சில் எண்ணெய்க் கசிவு உள்ளதா என்றும், பிரேக் நன்கு பிடிக்கிறதா என்றும் பார்த்தல் வேண்டும். கலப்பையைத் தூக்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சற்றே காத்திருக்க வேண்டும். கலப்பை விரைவில் தாழ்ந்துவிடின், ஹைட்ராலிக் அமைப்பு தளர்ந்துள்ளது எனலாம். அவ்வேளையில் தூக்கிய கலப்பையின் கீழ்க் கையோ காலோ வைத்தல் ஆகாது.

முன்புற லோடர்

எருவும் மண்ணும் அள்ள டிராக்டரின் முன்னே பூட்டும் கருவி லோடர் ஆகும். பத்துப்பேர் வேலையை அது செய்வதுபோல் தோன்றினாலும், சுமை முழுவதும் முன் அச்சையே அழுத்துகிறது. எனவே, சட்டம் எஞ்சினோடு இணையும் இடத்தில் விரிசலோ புதிதாக வைத்த வெல்டிங்கோ உள்ளதா என நோக்குக. ஊசிகளும் புஷ்களும் ஆடுகின்றனவா, சிலிண்டர்த் தண்டில் கீறல் உண்டா எனவும் பார்க்க. முன்சக்கரத்தைத் தரையினின்று உயர்த்தி அசைத்தால் அச்சின் தளர்வு புலப்படும். பின்புறம் ஈடான எடையின்றி முன்னே சுமை தூக்கினால் பின்சக்கரங்கள் பிடிப்பை இழக்கும். சுமையை உயர்த்தியவாறே சரிவில் திருப்பினால் வண்டி கவிழும், உயிர் போகும்.

தாளில் உள்ள உண்மை

பதிவுச் சான்றிலுள்ள எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் வண்டியில் பொறித்தவற்றோடு ஒப்பிடுக. வங்கியின் பெயர் சான்றில் இருப்பின், கடன் தீர்ந்தமைக்கான தடையின்மைச் சான்றும் 35ஆம் எண் படிவமும் வேண்டும். உரிமை மாற்றத்திற்கு 29, 30ஆம் எண் படிவங்களில் கையொப்பம் பெறாமல் முழுத்தொகையையும் கொடுத்தல் தகாது.

திருக்குறளில் ‘தெரிந்துசெயல்வகை’ என ஓர் அதிகாரமே உண்டு. செயலின் அழிவையும் ஆக்கத்தையும் முன்னரே எண்ணுதல் அதன் பொருள். தந்தையோ தாயோ பழைய டிராக்டர் பார்க்கப் புறப்படும் நாளில், எண்களை ஒப்பிடவும் புகையின் நிறத்தைக் குறிக்கவும் நீங்களும் உடன் செல்லுங்கள். விலைபேசும் பரபரப்பில் பெரியோர் காணத் தவறுவதை உங்கள் கண்கள் காணக்கூடும். “இன்று வேண்டாம்” என்று சொல்லித் திரும்புவதும் ஒரு நல்ல முடிவே.

தெரிந்து தெளிவோம்

1892இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜான் ஃபுரோலிச் பெட்ரோலால் இயங்கும் டிராக்டரை உருவாக்கினார். கலப்பையை மூன்று இடங்களில் பிணைத்துத் தூக்கும் அமைப்பை அயர்லாந்தில் பிறந்த ஹாரி ஃபெர்குசன் வளர்த்தெடுத்தார். இன்றைய டிராக்டர்களின் பின்புறம் நாம் காணும் மூன்று இணைப்புக் கைகள் அவ்வமைப்பின் வழிவந்தவையே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர் மெக்கானிக் ஒருவரைச் சந்தித்து, பழைய டிராக்டர் வாங்குவோர் செய்யும் தவறுகளைக் கேட்டறிந்து தொகுக்க.
2. உங்கள் வீட்டு நிலத்திற்கோ அண்டை வீட்டார் நிலத்திற்கோ ஓராண்டில் தேவைப்படும் உழவு நேரத்தைக் கணக்கிட்டு, வாங்குதல் நன்றா, வாடகைக்கு அமர்த்தல் நன்றா என வகுப்பில் உரையாடுக.