குளிர்ச்சி தரும் கூரை

சித்திரை மாதம். இரவு பத்து மணி. வீட்டுக்குள் மின்விசிறி வேகமாகச் சுற்றுகிறது. ஆனாலும் தூக்கம் வரவில்லை. குழந்தை புரண்டு புரண்டு அழுகிறது. பாட்டி பாயைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்குப் போகிறாள்.

வெயில் மாலையே போய்விட்டது. பிறகு ஏன் இந்தப் புழுக்கம்?

கையை மேலே தூக்கிப் பாருங்கள். கூரையைத் தொடாமலே உள்ளங்கையில் சூடு தெரியும். பகல் முழுவதும் வெயில் குடித்த தளம், இரவில் அந்தச் சூட்டை நம்மீது இறக்குகிறது. அடுப்புக்கு எதிரில் உட்கார்ந்தால் முகம் சுடுகிறது அல்லவா? அதுபோலத்தான் இதுவும். இப்படித் தொடாமலே பரவும் வெப்பத்துக்கு வெப்பக் கதிர்வீச்சு என்று பெயர்.

கோயிலின் கல் மண்டபத்தில் உட்கார்ந்தால் என்ன ஆகிறது? விசிறி இல்லாமலே உடம்பு குளிர்கிறது. நம் உடம்புச் சூட்டைக் குளிர்ந்த கல் வாங்கிக்கொள்கிறது. சூடு எப்போதும் சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கே போகும்.

அப்படியானால் கூரையையே குளிர வைத்தால் என்ன?

தண்ணீர் ஓடும் கூரை

இதைத்தான் பொறியாளர்கள் செய்கிறார்கள். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. தளத்தின் கான்கிரீட்டுக்குள்ளேயே குழாய்களைப் பதிப்பது ஒரு வழி. பின்புறம் குழாய் பொருத்திய உலோகத் தகடுகளைக் கூரையின் அடியில் தொங்கவிடுவது இன்னொரு வழி. குழாயில் குளிர்ந்த தண்ணீர் ஓடும். கூரை குளிரும். அறையில் இருப்பவர்களின் சூட்டைக் கூரை வாங்கும். சூடான தண்ணீர் வெளியே போய், மறுபடி குளிர்ந்து திரும்பி வரும்.

ஐதராபாத் அருகே போச்சாரத்தில் இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் வளாகம் இருக்கிறது. அங்கே 2011-ல் ஒரு கட்டடம் பயன்பாட்டுக்கு வந்தது. அதை இரண்டு சம பாதிகளாகக் கட்டினார்கள். ஒரு பாதிக்குக் குளிர்ந்த காற்றை ஊதும் வழக்கமான ஏசி. மறு பாதிக்குத் தண்ணீர் ஓடும் தளம். இரண்டுக்கும் ஆன மின்சாரத்தைத் தனித்தனியே அளந்தார்கள். ஏசி உள்ள பாதிக்கு 100 யூனிட் என்றால், மறு பாதிக்கு 66 யூனிட்டே போதுமானதாக இருந்தது.

இந்த மிச்சம் எப்படி வந்தது? தண்ணீர், அதே அளவு காற்றைவிட 3,000 மடங்குக்கும் மேல் வெப்பத்தைச் சுமக்கும். பெரிய விசிறிகள் செய்யும் வேலையைச் சிறிய பம்பு செய்துவிடும். தண்ணீரை மிகவும் குளிர வைக்கவும் தேவையில்லை. பெரிய ஏசிக்கு ஏறக்குறைய 7 டிகிரி குளிர்ந்த தண்ணீர் வேண்டும். இதற்கு ஏறக்குறைய 15 டிகிரி போதும்.

கூரைக்கும் வியர்க்கும்

குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் நனைந்திருக்கும். காற்றில் உள்ள ஈரமே அங்கு நீர்த்துளியாகப் படிகிறது. கூரை அளவுக்கு மேல் குளிர்ந்தால் அதுவும் இப்படியே சொட்டும். அறையின் வெப்பம் 25 டிகிரி, காற்றின் ஈரம் 50 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். கூரை 14 டிகிரிக்குக் கீழே போனால் துளி விழும். காற்றில் ஈரம் கூடினால் அதற்கு முன்பே விழும். ஆகவே ஈரம் குறைத்த புதுக்காற்றையும் அறைக்குள் அனுப்புகிறார்கள்.

குழாய் பதிப்பவர்களுக்கும் பெரிய பொறுப்பு உண்டு. கான்கிரீட் போட்ட பிறகு கசிவு வந்தால் தளத்தையே உடைக்க வேண்டும். அதனால் முன்கூட்டியே குழாயில் அழுத்தம் ஏற்றிச் சோதிக்கிறார்கள். கான்கிரீட் போடும்போதும் ஒருவர் அழுத்தமானியின் முள்ளைப் பார்த்தபடி நிற்பார். முள் இறங்கினால் எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது என்று பொருள். உடனே வேலையை நிறுத்த வேண்டும்.

ஒரு சிறு கணக்கு

ஓர் அலுவலக அறையில் 10 பேர் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். ஒருவர் உடம்பிலிருந்து 75 வாட் வெப்பம் வீதம் 750 வாட். விளக்கும் கம்ப்யூட்டரும் 650 வாட். கூரை, ஜன்னல் வழியாக வரும் வெயில் 1,000 வாட். மொத்தம் 2,400 வாட். ஒரு சதுர மீட்டர் தகடு 80 வாட் வெப்பத்தை வாங்கும் என்றால், 30 சதுர மீட்டர் தகடு வேண்டும்.

இப்போது கூரைக்கு வெள்ளை அடித்து, ஜன்னலுக்கு நிழல் போடுகிறார்கள். வெயில் 600 வாட்டாகக் குறைகிறது. மொத்தம் 2,000 வாட். இனி 25 சதுர மீட்டர் தகடு போதும்.

ஆகவே நல்ல பொறியாளர் முதலில் வெப்பத்தைத் தடுப்பார். பிறகுதான் குளிரூட்டுவார்.

நம் வீட்டுக்கு என்ன வழி?

குழாய்க்கும் பம்புக்கும் நம்மிடம் பணம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் வெப்பத்தைத் தடுக்கும் வேலையை நாமும் செய்யலாம்.

2010 மே மாதம் அகமதாபாத் நகரில் கடும் வெப்ப அலை வீசியது. வழக்கமாக அந்த மாதத்தில் இறப்பவர்களைவிட 1,300-க்கும் அதிகமானோர் கூடுதலாக இறந்தனர். 2013-ல் அந்நகரில் வெப்பத்திலிருந்து மக்களைக் காக்கத் திட்டம் வகுத்தார்கள். 2017-ல் ஏழை மக்களின் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளை அடிக்கும் வேலையும் தொடங்கியது.

வெள்ளைக் கூரை வெயிலைத் திருப்பி அனுப்பும். வீட்டுக்குள் 2 முதல் 5 டிகிரி வரை சூடு குறையலாம். கோடை தொடங்கும் முன்பே கூரையைச் சுத்தம் செய்து சுண்ணாம்பு அடியுங்கள். மழையில் கரைந்தால் அடுத்த ஆண்டு மறுபடி அடியுங்கள். சிமெண்ட் சீட்டின் மேல் நேராகக் கால் வைக்காதீர்கள். உடைந்து விழுந்தால் உயிருக்கே ஆபத்து.

அன்று இரவு பாட்டி வாசலுக்குப் போக வேண்டியிருக்காது. குழந்தையும் தூங்கும்.

பயிற்சி

1. தொடாமலே பரவும் வெப்பத்துக்கு என்ன பெயர்?
2. கூரையில் நீர்த்துளி ஏன் படிகிறது?
3. ஓர் அறையில் 1,600 வாட் வெப்பம் சேர்கிறது. ஒரு சதுர மீட்டர் தகடு 80 வாட் வாங்கும். எத்தனை சதுர மீட்டர் தகடு வேண்டும்?
4. கலந்து பேசுங்கள்: உங்கள் தெருவில் எத்தனை வீடுகளுக்கு வெள்ளைக் கூரை இருக்கிறது? எல்லோரும் சேர்ந்து சுண்ணாம்பு வாங்கினால் செலவு குறையுமா?