மான் கறி: முதன்முறை சமைப்பவர்களுக்கு



கோழியும் ஆடும் ஆக்கிப் பழகிய கைக்கு மான் கறி புதிது. அதில் கொழுப்பு மிகக் குறைவு. பெரிய தீயில் வைத்தால் சாறு வற்றி செருப்புத் தோல் மாதிரி ஆகிவிடும். அதற்குப் பயந்து அரைவேக்காட்டில் இறக்கினால் கிருமி சாகாது. இரண்டுக்கும் ஒரே மருந்து: சிறு தீ, நீண்ட நேரம்.

எதை வாங்குவது?

பண்ணையில் வளர்த்த ரூசா மான் கறியோ, உறைந்து வரும் இறக்குமதிக் கறியோ கடையில் பார்த்து வாங்குங்கள். யாரோ பையில் கொண்டுவந்து மலிவாக விற்கும் காட்டுக் கறி வேண்டவே வேண்டாம். எத்தனை மணி நேரம் வெயிலில் கிடந்ததோ தெரியாது. குண்டு பட்ட கறியில் ஈயத் துகள் தங்கும். பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது விஷம். சட்டமும் சும்மா விடாது. 2009-இல் பெர்ஹிலித்தான் மான் வேட்டையை நிறுத்தி வைத்தது. 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, அனுமதியின்றிக் காட்டு மானைச் சுடுவதும் அதன் கறியை வைத்திருப்பதும் குற்றம்.

ஆக்கும் முறை

1. உறைந்த கறியை முதல் நாள் இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். வெளியே வைத்து இளக்காதீர்கள்.

2. நாருக்குக் குறுக்கே சிறு துண்டாக வெட்டுங்கள். பலகையையும் கத்தியையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே காய் நறுக்குங்கள்.

3. மஞ்சள், இஞ்சி, பூண்டு, கொஞ்சம் தயிர் பிசறி ஒரு மணி நேரம் குளிர்பெட்டியில் வையுங்கள்.

4. வெங்காயம், மசாலா வதக்கி, கறி மூழ்கத் தண்ணீர் விட்டு, மூடி, சிறு தீயில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் வேகவிடுங்கள். பப்பாளிக்காய்த் துண்டு போட்டால் சீக்கிரம் இளகும்.

5. துண்டைப் பிய்த்துப் பாருங்கள். உள்ளே சிவப்பு இருக்கக்கூடாது. கடைசியில் தேங்காய்ப்பால் ஊற்றி இறக்குங்கள்.

கவனியுங்கள்

காலையில் ஆக்கியதை மாலைவரை அடுப்பு மேலேயே விட்டுவைப்பது நம் வீட்டு வழக்கம். இந்த உஷ்ணத்தில் அது ஆபத்து. இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வையுங்கள். மறுபடி நன்றாகக் கொதிக்கவைத்துச் சாப்பிடுங்கள்.

மான் கறியில் இரும்புச்சத்து உண்டு. இரத்தசோகை உள்ள பெண்களுக்கு நல்லது. ‘கௌட்’ வலி உள்ளவர்கள் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சாப்பிட்ட பின் காய்ச்சலோடு வயிற்றுப்போக்கோ, மலத்தில் இரத்தமோ கண்டால் நாட்டு மருந்து பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே கிளினிக்குக்கு வாருங்கள். ஒரு வேளை ருசிக்காக ஒரு வார வேலையை இழக்கலாமா?