கார் பகிர்ந்து போகிறீர்களா? சத்தத்தைக் கவனியுங்கள்

பட்டர்வொர்த்திலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு நான்கு பேர் ஒரே காரில் போனால் பெட்ரோல் காசும் பினாங்குப் பாலத்து டோலும் கால் பங்காகிவிடும். ஆனாலும் சிலர் இரண்டாவது வாரமே நழுவிவிடுவார்கள். 13.5 கிலோமீட்டர் பாலம் முழுக்க இரைச்சலைக் கேட்டுக்கொண்டே வருவது பெரிய அலுப்பு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள். ஒரு நாள் நீங்களே பின்னிருக்கையில் உட்கார்ந்து பாருங்கள்.

வேகம் கூடக்கூட ஏறும் உறுமல் பெரும்பாலும் டயருடையது. டயர் சூடேறும் முன்பே காற்றழுத்தம் பாருங்கள்; சரியான அளவு பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றினால் தேய்மானம் சீராகும். காற்று விசில் அடித்தால் கதவு ரப்பரைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஒரு தாளை இடையில் வைத்துக் கதவை மூடி இழுங்கள். பிடிப்பில்லாமல் வழுக்கி வந்தால் ரப்பரை மாற்றும் நேரம். நம் ஊர் வெயிலில் அது சீக்கிரம் விறைத்துவிடும். பின்பெட்டியில் உருளும் குடை, ஆடும் ஜாக், இருக்கைக்கு அடியில் தண்ணீர் பாட்டில், எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

சத்தத்தோடு காற்றையும் கவனியுங்கள்: உள்காற்றையே சுற்றவிடும் ஏசி பொத்தானை நெடுநேரம் போட்டு வைக்காதீர்கள். நான்கு பேர் மூச்சில் கரியமில வாயு கூடி, தூக்கம் சொக்கும். வானொலியின் சத்தத்தைப் பின்னால் இருப்பவரைக் கேட்டு வையுங்கள்.