பிடி ஆடினால் வெட்டும் தப்பும், குறியும் தப்பும்

தேயிலைக் கவ்வாத்துக் காலம் வந்துவிட்டால் எங்கள் லயத்து இஸ்தோப்பு முழுக்கக் கத்தி தீட்டுகிற சத்தம்தான். அப்பா மட்டும் சாணைக்கல்லைத் தொடுவதற்கு முன் கத்தியைக் காதருகே வைத்து ஒரு தரம் உலுக்கிப் பார்ப்பார். பிடிக்குள் 'கிணுக்' என்றால் அன்றைக்குத் தீட்டுவது கிடையாது, பிடியைக் கழற்றிவிடுவார். இரும்பு மரத்துக்குள் சரியாக உட்காராவிட்டால் எத்தனை கூர் வைத்தாலும் வெட்டு நாம் நினைத்த இடத்தில் விழாது. அவரிடம் கற்றதையும், பிறகு நானே செய்து பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன்.

1. ஆட்டத்தைக் கண்ணால் தேடாதீர்கள், விரலால் தேடுங்கள். இரும்பும் மரமும் சந்திக்கிற இடத்தில் கட்டைவிரல் நுனியைப் பாதி இரும்பிலும் பாதி மரத்திலுமாக வையுங்கள். மற்றக் கையால் அலகை மெல்ல அசையுங்கள். மயிரிழை ஆட்டமும் விரலுக்குத் தெரிந்துவிடும்.

2. ஆட்டம் சின்னதுதானே என்று விடவேண்டாம். உயரமான தோட்டங்களில் ஒரு மலையைக் கவ்வாத்து வெட்டினால் மறுபடி வெட்ட நாலைந்து வருஷம் ஆகும். பிடி ஆடுகிற கத்தி வாதைச் சரிவாக, வழவழவென்று வெட்டாது, பிளந்துவிடும். பிளவில் மழைத்தண்ணீர் தங்கும், அங்கிருந்து உளுப்பு கீழே இறங்கும். ஒரு நாள் வெட்டிய காயத்தைச் செடி அத்தனை வருஷமும் சுமக்கிறது. வெட்டுகிறவர் மணிக்கட்டு வலிக்கும் இந்த ஆட்டம் ஒரு காரணமாகலாம். ஆடுகிற அலகை நிறுத்திப் பிடிக்கக் கை கூடுதலாக இறுக்க வேண்டியிருக்கிறது.

3. பிடி கழன்றால் வாளித் தண்ணீரில் ஊறப்போடுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். இதை நான் வருந்திச் சொல்கிறேன், ஏனென்றால் வீட்டுக்கு வீடு இதைத்தான் செய்கிறோம். ஊறிய மரம் வீங்கும், உண்மைதான். ஆனால் வீங்குவதற்கு இடம் இல்லாமல் இரும்போடு மோதி நார் நசுங்கிப்போகும். காய்ந்த பிறகு முன்னைவிட மெலிந்து, முன்னைவிட அதிகமாக ஆடும். நம் ஊர்க் காற்றே இந்த வேலையைப் போதுமான அளவு செய்கிறது. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை வறண்ட காற்று, விடியற்காலையில் புல்லெல்லாம் உறைபனி. மே கடைசியில் தென்மேல் பருவமழை பிடித்தால் அட்டன், மஸ்கெலியாப் பக்கம் செப்டம்பர் வரை துணி காயாது. மரம் இரண்டுக்கும் அசைகிறது, இரும்பு அசைவதில்லை. பிடி கழல்வதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

4. பிடிக்குக் கொய்யா மரம் நல்லது. நார் நெருக்கமாக இருக்கும், அடி தாங்கும். மிலாறு பொறுக்கும்போது கிடைக்கிற தடித்த தேயிலைக் கட்டையும் கெட்டிதான், நேராகக் கிடைப்பதுதான் அபூர்வம். வெட்டிய உடனே செதுக்கிவிடாதீர்கள். இரண்டு முனையிலும் மெழுகு தடவி, அடுப்புக்கு மேல் பரணில் சில மாதம் போட்டுவையுங்கள். மெழுகு இல்லாவிட்டால் முனைகள் சட்டென்று காய்ந்து வெடிக்கும்.

5. குப்பி விளக்குக் கரி. இந்த ஒரு குறிப்புக்காகத்தான் மற்றவற்றையும் எழுத உட்கார்ந்தேன். பிடிக்குள் போகிற கத்தியின் வாலை விளக்குச் சுடருக்கு மேல் கொஞ்ச நேரம் காட்டுங்கள், மெல்லிய கரி படியும். சூடு ஆறியதும் அதைப் பிடியின் பள்ளத்தில் வைத்து அழுத்தி எடுங்கள். மரத்தில் எங்கே கறுப்பு ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் இரும்பு முட்டுகிறது. கறுப்பில்லாத இடத்தில் இரும்பு அந்தரத்தில் நிற்கிறது. கறுப்பை மட்டும் உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டிவிட்டு, மறுபடி கரி, மறுபடி அழுத்தல். முதலில் இரண்டு மூன்று புள்ளிகள்தான் தெரியும். போகப் போகப் புள்ளிகள் பெருகும். பள்ளம் முழுக்கச் சீராகக் கறுப்பு விழுந்தால் இரும்பு உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்பா ஒரு பிடிக்கு இதை இருபது தடவைக்கு மேல் செய்ததைப் பார்த்திருக்கிறேன். விரல்கள் கறுத்து, அம்மா தேநீரை வாயில் ஊட்டாத குறையாகக் கொடுப்பார்.

6. மிச்ச இடைவெளியை நிரப்ப அந்தக் காலத்தில் அரக்கும் சலித்த செங்கல் பொடியும். இரண்டையும் கலந்து துளையில் போட்டு, வாலை மட்டும் சூடாக்கிச் சொருகுவார்கள். அலகைச் சுற்றி ஈரத்துணி கட்டாயம் வேண்டும், சூடு கூருக்குப் போனால் கத்தி மழுங்கிவிடும். அரக்கு வைத்த கத்தியைச் சுடுதண்ணீரில் கழுவக் கூடாது. இப்போது அரல்டைட் என்ற எபொக்சிப் பசை இரண்டு குழாய்களில் கிடைக்கிறது. இரண்டிலிருந்தும் சம அளவு எடுங்கள். நம் குளிரில் அது மெதுவாகத்தான் இறுகும், ஒரு நாள் என்று போட்டிருந்தால் இரண்டு நாள் விட்டுவிடுங்கள்.

7. கோடாரிக்கு ஆப்பு காய்ந்த, கெட்டியான மரத்தில் இருக்கட்டும். தலையைத் தரையில் குத்தி ஏற்றாதீர்கள். தலை கீழே தொங்கும்படி பிடித்து, காம்பின் மேல்முனையை மரச் சுத்தியலால் அடியுங்கள், தலை தானாக மேலேறி இறுகும். எங்கள் லயத்தில் ஒரு முறை ஆப்பு கழன்ற கோடாரித் தலை பறந்து பக்கத்துக் காம்பராக் கதவில் பதிந்தது. கதவுக்குப் பின்னால் தொட்டிலில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. அதன் பிறகு எங்கள் வரிசையில் யாரும் ஆப்பைப் பார்க்காமல் விறகு பிளப்பதில்லை.

8. இதேபோல வேட்டைத் துவக்கின் கட்டையில் இரும்பு உட்காரும் இடத்தைச் செப்பனிட்டால் குறி சரியாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. ரைபிள் என்றால் பதில்: ஆட்டம் இருந்தால், ஆமாம். கட்டையின் பள்ளம் மேடும் குழியுமாக இருந்தால் திருகாணியை இறுக்கும்போது இரும்பு லேசாக வளையும். ஒவ்வொரு வெடிக்கும் உதைப்பில் வேறொரு இடத்தில் போய் உட்காரும், குண்டுகளும் சிதறி விழும். எபொக்சிப் பசையை ஊற்றி, ஒட்டாமல் இருக்க இரும்பில் மெழுகு பூசிப் பதித்து எடுத்தால் அச்சுக்கு அச்சாக ஒரே இருக்கை கிடைக்கிறது. ஈரத்தில் மரம் வீங்கினாலும் அந்த இருக்கை அவ்வளவாக மாறாது. ஏற்கெனவே நன்றாக உட்கார்ந்திருக்கும் ரைபிளுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, குழாய் தேய்ந்திருந்தால் எந்தப் பசையும் உதவாது. சன்னம் சிதறுகிற சாதாரணத் துவக்குக்குக் குறிக்காக இதைச் செய்ய வேண்டியதே இல்லை.

துவக்கில் இந்த வேலையை வீட்டில் செய்ய வேண்டாம். அனுமதிப் பத்திரம் உள்ள துவக்கு, அனுமதி உள்ள பழுதுபார்ப்பவரிடம்தான் போகவேண்டும். மரையைச் சுடுவது சட்டப்படி குற்றம். ஹோட்டன் சமவெளி 1988இலிருந்து தேசியப் பூங்கா, அங்கே வேட்டைக்கே இடமில்லை. தேயிலைக்குள் கட்டுத்துவக்கையோ சுருக்குக் கம்பியையோ கண்டால் கையால் தொடாமல் உடனே பொலிசுக்குச் சொல்லுங்கள், காலையில் அந்த வழியாகத்தான் நம் பெண்கள் கொழுந்துக்குப் போகிறார்கள்.

9. பிடிக்குத் தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள், அது காயாமல் பிசுபிசுக்கும், சிக்குவாடை அடிக்கும். ஆளி விதை எண்ணெய் வாங்கி, மெல்லியதாகத் துணியால் தேய்த்து, துடைத்து, காயவிட்டு, மறுபடி ஒரு கை. இரும்பு நுழைகிற துளையின் விளிம்பிலும் அடிமுனையிலும் மூன்று கை பூசுங்கள், ஈரம் அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது. எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது, சூடேறித் தானாகவே தீப்பற்றும். விரித்து வெளியே கொடியில் போட்டுவிடுங்கள். மழை பிடிப்பதற்கு முன், ஏப்ரலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை இதற்குப் போதும்.