பழைய துணியின் ஹக்

 



ஷஅபான் பிறந்துவிட்டால் மதுரையில் விளக்குத்தூண் பக்கம் கால் வைக்க முடியாது. நோன்பு தொடங்குவதற்குள் துணி எடுத்துவிட வேண்டும் என்று ஒரு கூட்டம், கடைசிப் பத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று இன்னொரு கூட்டம். பெருநாளுக்குப் புத்தாடை வாங்குவதில் குற்றமில்லை. இருப்பதில் நல்லதை உடுத்திக்கொண்டு தொழுகைக்கு வருவது சுன்னத். அதைப் பற்றி நான் பேச வரவில்லை. புதுசு பீரோவுக்குள் வரும்போது பழசு எங்கே போகிறது? இன்றைய ஜும்ஆவில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

ஒரு பங்கு குப்பை வண்டியில் ஏறி அவனியாபுரத்தை அடுத்த வெள்ளக்கல் கிடங்குக்குப் போகிறது. ஒரு பங்கு பழைய பெட்ஷீட்டில் மூட்டையாகக் கட்டப்பட்டுப் பள்ளிவாசலுக்கு வருகிறது. "ஏழைங்க யாருக்காவது கொடுத்துருங்க ஹஜ்ரத்" என்று வராண்டாவில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மோதினார் பிரித்துப் பார்த்தால் ஜிப் அறுந்த பேன்ட், காலரில் கறையேறிய சட்டை, பள்ளிக்கூடப் பெயர் பொறித்த யூனிஃபார்ம், ஒற்றைக் காலுறை. துவைக்கக்கூட இல்லை. வீடு காலியானதும் ஸதகா செய்த திருப்தியும் சேர்ந்துகொள்கிறது. அந்த மூட்டையை என்ன செய்வது என்ற கவலை மோதினாருக்கு.

இது புதிய பழக்கம் என்று நினைக்காதீர்கள். மதீனாவில் அன்ஸாரிகள் பேரீச்சங்குலைகளைப் பள்ளிவாசலில் கட்டித் தொங்கவிடுவார்கள். திண்ணைத் தோழர்களில் பசித்தவர் வந்து பறித்து உண்பார். அதிலே சிலர் சொத்தைக் காயும் ஒடிந்த குலையுமாகக் கொண்டுவந்து மாட்டினார்கள். அப்போதுதான் அல்பகரா அத்தியாயத்தின் 267-வது வசனம் இறங்கியது என்று பராஉ பின் ஆஸிப் (ரலி) அவர்கள் வழியாகத் திர்மிதீயில் வருகிறது. நமக்கே ஒருவர் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்குவோம் என்கிற பொருளைத் தேடி எடுத்து அல்லாஹ்வின் பாதையில் கொடுக்காதீர்கள் என்பதே அந்த வசனத்தின் கருத்து. பேரீச்சங்குலை இருந்த இடத்தில் துணி மூட்டையை வைத்துப் பாருங்கள்.

நம் மாநிலத்திலேயே இதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை சுனாமி வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நாடு முழுவதிலிருந்தும் லாரி லாரியாக உதவி வந்தது. அதில் பழைய துணியும் மலையாக வந்தது. மீனவ மக்கள் அதைத் தொடவில்லை. சாலையோரத்திலே குவியல் குவியலாக மழையிலும் மண்ணிலும் கிடந்தது. சிலர் அதைக் கண்டு முகம் சுளித்தார்கள், உதவியின் அருமை தெரியாதவர்கள் என்றார்கள். ஆனால் சற்று நிதானித்துப் பாருங்கள். முந்தின நாள் வரை தன் வலையில், தன் படகில் சம்பாதித்துத் தன் பிள்ளைக்குத் துணி எடுத்துக்கொடுத்தவர் அவர். கடல் அவருடைய வீட்டைத்தான் கொண்டுபோனது, மானத்தை அல்ல. முகம் தெரியாத ஒருவர் கழித்துப்போட்டதைக் குவியலில் கிளறி எடு என்றால் அவர் எப்படி எடுப்பார்?

அந்தக் குவியல்களை எடுத்துப் பிரித்துப் பயன்படுத்தும் வேலையில் இறங்கியது டெல்லியைச் சேர்ந்த கூஞ்ச் என்ற அமைப்பு. அன்ஷு குப்தா என்பவர் 1999-இல் தொடங்கியது. 2015-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. அவர்கள் செய்யும் வேலையில் நமக்குப் பாடம் இருக்கிறது. வந்த துணியை அப்படியே கொடுப்பதில்லை. முதலில் பிரிக்கிறார்கள், பழுது பார்க்கிறார்கள், யாருக்கு எது பொருந்தும் என்று பார்க்கிறார்கள். கிராமத்தில் குளம் வெட்டுவது, பாதை போடுவது என்று அந்த ஊருக்கான வேலையை ஊர் மக்களே செய்ய, அதற்கு ஈடாகத் துணி போய்ச் சேருகிறது. வாங்குகிறவர் தலைகுனிய வேண்டியதில்லை. உடுத்த முடியாத பருத்தித் துணியைச் சுத்தம் செய்து, வெட்டி, பெண்களுக்கு மாதவிலக்கு நாட்களில் பயன்படும் துணிப்பட்டைகளாக ஆக்குகிறார்கள். இதை மிம்பரில் சொல்லக் கூச்சப்படத் தேவையில்லை. மாதவிலக்குச் சட்டங்களை நபி (ஸல்) அவர்களிடம் ஸஹாபியப் பெண்கள் வெளிப்படையாகவே கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

சரி, எந்தத் துணியைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது? இதற்கு அளவுகோல் உண்டா என்று கேட்பீர்கள். நம் ஃபிக்ஹு நூல்களிலேயே ஒன்று இருக்கிறது. சத்தியத்தை முறித்தவருக்கான பரிகாரங்களில் ஒன்று பத்து ஏழைகளுக்கு ஆடை கொடுப்பது. எப்படிப்பட்ட ஆடை? நடுத்தர மக்கள் உடுத்தத் தக்கதாக, மூன்று மாதத்துக்கு மேல் உழைக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று ஹனஃபி மத்ஹபின் ஃபகீஹ்கள் எழுதியிருக்கிறார்கள். அது கஃப்பாராவுக்கான சட்டம். ஸதகாவுக்கு அப்படி நிபந்தனை இல்லை. ஆனாலும் மூட்டை கட்டும்போது ஒவ்வொரு துணியையும் கையில் எடுத்து, இது இன்னும் மூன்று மாதம் தாங்குமா, நம் அந்தஸ்தில் உள்ள ஒருவர் இதை உடுத்திக்கொண்டு வெளியே போவாரா என்று கேட்டுக்கொண்டால் பாதி மூட்டை குறைந்துவிடும். மிச்சமுள்ள பாதியைத் துவைத்து, பட்டன் தைத்து, இஸ்திரி போட்டு, ஆண், பெண், குழந்தை என்று தனித்தனியாக மடித்துக் கொடுங்கள். திருநெல்வேலியில் 2017-இல் மாவட்ட நிர்வாகம் அன்புச் சுவர் என்று ஒன்றை அமைத்தது. வேண்டாததை வைத்துவிட்டுப் போகலாம், வேண்டியவர் யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். கேட்கும் சங்கடம் இல்லை, அதுதான் அதன் அழகு. நம் பள்ளிவாசல் வராண்டாவிலும் நாலு ஹேங்கரும் ஒரு கம்பியும் போதும். ஆனால் அங்கேயும் கந்தலைத் தொங்கவிட்டால் மறுபடி சொத்தைக் குலைதான்.

ஜகாத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சிலர் பழைய துணியைக் கொடுத்துவிட்டு ஜகாத்தில் கழித்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். ஹனஃபி மத்ஹபில் ஜகாத்தைப் பொருளாகக் கொடுக்க வழி உண்டு என்றாலும், கணக்கு இன்றைய சந்தை விலைதான், நீங்கள் கடையில் கொடுத்த விலை அல்ல. 2,000 ரூபாய்க்கு வாங்கிய சேலை இன்று என்ன விலைக்குப் போகும்? பழைய துணியை ஸதகாவாகவே வைத்துக்கொள்வது பேணுதல்.

அடுத்து, கொடுக்க லாயக்கில்லாத பாதி மூட்டை. அதைக் குப்பையில் போடுவதற்கு முன்னால் சுன்னத்தைப் பாருங்கள்.

நபி (ஸல்) அவர்கள் தங்கள் ஆடையைத் தாங்களே தைத்துக்கொள்வார்கள், செருப்பைத் தாங்களே சீர்செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். உமர் (ரலி) அவர்கள் ஜனாதிபதியாக இருந்தபோது அவர்களின் சட்டையில் தோள்களுக்கிடையே ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று ஒட்டுப் போட்டிருந்ததை அனஸ் (ரலி) அவர்கள் பார்த்திருக்கிறார்கள், முவத்தாவில் பதிவாகியுள்ளது. இன்று நம் பிள்ளைகள் கடையிலேயே கிழித்து விற்கும் ஜீன்ஸை அதிக விலை கொடுத்து வாங்குகிறார்கள், வீட்டில் முழங்கால் கிழிந்ததைத் தூக்கி எறிகிறார்கள்! தெருமுனையில் தையல் மெஷினோடு உட்கார்ந்திருக்கும் ஆல்டரேஷன் கடைக்காரரிடம் ஐம்பது, நூறு ரூபாய் கொடுத்தால் ஒரு பேன்ட் இன்னும் ஒரு வருடம் ஓடும். அந்தக் காசு ஹலாலான உழைப்புக்குப் போகிறது.

எவ்வளவு துணி போதும் என்ற கேள்விக்கு நம்முடைய ஊருக்கே ஒரு சரித்திரம் உண்டு. 1921 செப்டம்பர் 22 அன்று மேலமாசி வீதி வீட்டில் தங்கியிருந்த காந்தி, சட்டையையும் தொப்பியையும் விட்டு, இடுப்பில் ஒரு துண்டோடு வெளியே வந்தார். கதர் வாங்கக்கூடக் கையில் காசில்லை என்று ஏழைகள் சொன்னது அவரை உறுத்தியிருந்தது. அந்தப் பயணத்தில் அவரோடு வந்துகொண்டிருந்த கிலாஃபத் தலைவர் மவ்லானா முஹம்மது அலீ அவர்களை எட்டு நாள் முன்புதான் வால்டேர் ரயில் நிலையத்தில் வெள்ளையர் அரசு கைது செய்திருந்தது. நம் மார்க்கம் அந்த அளவுக்கு ஆடையைக் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் பீரோ நிறைந்து மூட மறுக்கும்போது மேலமாசி வீதியை நினைத்துக்கொள்ளலாம்.

தைக்கவும் முடியாத துணியை வெட்டலாம். ஆயிஷா (ரலி) அவர்கள் வீட்டில் உருவப் படங்கள் உள்ள ஒரு திரைச்சீலை தொங்கியது. நபி (ஸல்) அவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அன்னையவர்கள் அதை வெளியே எறியவில்லை. வெட்டி, சாய்ந்துகொள்ளும் தலையணையாக ஆக்கினார்கள். புகாரீயில் வருகிறது. ஹிஜ்ரத்தின்போது உணவுப் பையையும் தண்ணீர்த் தோலையும் கட்டக் கயிறு கிடைக்காமல் அஸ்மா (ரலி) அவர்கள் தம் இடுப்புக் கச்சையை இரண்டாகக் கிழித்துக் கட்டினார்கள். இரட்டைக் கச்சையார் என்ற சிறப்புப் பெயர் அதனால் வந்தது. செத்துப்போன ஆட்டைக்கூட, அதன் தோலைப் பயன்படுத்தியிருக்கக் கூடாதா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

நம் உம்மாமார்களுக்கு இதெல்லாம் தெரிந்திருந்தது. வெளுத்துப்போன நூல் சேலை தூளியாகும். தூளிக்குப் பிறகு நாலாக மடித்துத் தைத்தால் பிள்ளைக்கு விரிப்பு. அதுவும் நைந்தால் அடுப்படியில் கைப்பிடித் துணி, கடைசியில் தரை துடைக்கும் துணி. கைலி கிழிந்தால் தலையணை உறை. மதுரைச் சுங்குடிச் சேலை துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும். பிறந்த குழந்தையைச் சுற்றிவைக்க அதைவிடச் சிறந்தது கடையில் கிடைக்காது. இன்று அந்த இடத்துக்கெல்லாம் காசு கொடுத்து வாங்குகிறோம். தரை துடைக்க ஒன்று, கண்ணாடி துடைக்க ஒன்று, குழந்தைக்குத் தூக்கி எறியும் நாப்கின். ஒரு பருத்தி பனியனுக்கு வேண்டிய பஞ்சை விளைவித்துத் துணியாக்க ஏறத்தாழ 2,700 லிட்டர் தண்ணீர் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வைகையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் பிரித்தறிய வேண்டும். பருத்தி தண்ணீரை உறிஞ்சும், பாலியஸ்டர் உறிஞ்சாது. ஆகவே துடைக்க, விரிக்க, குழந்தைக்குக் கட்ட எல்லாம் பருத்திதான். பாலியஸ்டரில் துடைப்புத் துணி செய்தால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டுதான் போகும். ஆனால் அது சீக்கிரம் இற்றுப்போகாது, சட்டென்று காயும். ஆகவே பழைய புர்காவும் சிந்தெடிக் சேலையும் பைக்கு உகந்தவை. ஓரத்தில் கிழிந்த புர்காவின் கீழ்ப்பகுதி பெரும்பாலும் புதுசு போலவே இருக்கும். அதில் மக்தப் பிள்ளைகளுக்குக் கிதாபுப் பை தைக்கலாம், ஸ்கூட்டர் சீட்டுக்கு உறை தைக்கலாம். ஒரு முறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலம் தடை செய்தது. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை என்று இயக்கமே தொடங்கியது. ஆனாலும் நெல்பேட்டைக்கு வெறுங்கையோடு போய்ப் பாலிதீன் பை கேட்கிறோம்.

எதற்குமே ஆகாததை என்ன செய்வது? மொட்டை மாடியில் கொளுத்தாதீர்கள். பாலியஸ்டர் என்பது பிளாஸ்டிக்தான். அந்தப் புகை பக்கத்து வீட்டாரின் நெஞ்சுக்குள் போகிறது, அண்டைவீட்டாருக்குத் தொல்லை தருவது நமக்கு ஆகுமானதல்ல. கிருதுமால் கால்வாயிலும் வீசாதீர்கள். பருத்திக் கந்தலை மெக்கானிக் பட்டறையில் கேட்டுப் பாருங்கள். அவர்கள் கிரீஸ் துடைக்கப் பனியன் வேஸ்ட்டைக் கிலோக் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் அம்மா தெருவில் வந்தால் அடிமாட்டு விலைக்குப் பேரம் பேசாதீர்கள். அவர் வாங்கும் துணி கைமாறிக் கைமாறி இன்னொருவர் உடுத்தும் சந்தைக்குப் போகிறது. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் மிஞ்சும் வெட்டுத் துண்டுகளைக் கிழித்துப் பஞ்சாக்கி மறுபடி நூல் நூற்கும் ஆலைகள் கொங்கு நாட்டில் உண்டு. வடக்கே பானிபட்டில் பழைய கம்பளி ஆடைகளிலிருந்து போர்வை நெய்கிறார்கள். ஆனால் கிழிக்கும்போது இழை குட்டையாகிவிடும், மெல்லிய நூல் வராது. முரட்டு விரிப்பும் போர்வையும்தான் வரும். ஆகவே மறுசுழற்சி இருக்கிறதே என்று இஷ்டத்துக்கு வாங்கிக் குவிக்க அது சாக்காகாது.

கடைசியாக ஒரு மஸ்அலா. வீட்டில் ஒருவர் மவ்த்தாகிவிட்டால் அவருடைய துணிமணிகளை மூன்றாம் நாளே மூட்டை கட்டி யாருக்காவது கொடுத்துவிடுகிறார்கள். சிலர் அபசகுனம் என்று எரித்தும் விடுகிறார்கள். இரண்டும் சரியல்ல. மய்யித்தின் கைலியும் சட்டையும் செருப்பும்கூட, வீடு, நகையைப் போலவே, வாரிசுகளின் சொத்து. வாரிசுகள் எல்லோரும் பருவமடைந்தவர்களாக இருந்து, எல்லோரும் மனமொப்பினால்தான் தர்மம் செய்யலாம். பருவமடையாத எத்தீம் பிள்ளை ஒருவர் வாரிசாக இருந்தால் அவருடைய பங்கை அவரே சம்மதித்தாலும் கொடுக்க முடியாது. துணியை மதிப்பிட்டு அந்தப் பங்கை ஒதுக்கிவிட்டே மற்றதைக் கொடுக்க வேண்டும்.

இறந்தவரின் துணியில் கெட்ட சகுனம் எதுவுமில்லை. அபூபக்ர் (ரலி) அவர்கள் மரணப் படுக்கையில், தாம் நோயில் உடுத்தியிருந்த குங்குமப்பூக் கறை படிந்த ஆடையையே பார்த்தார்கள். இதைக் கழுவி, இன்னும் இரண்டு துணி சேர்த்துத் தமக்குக் கஃபனிடும்படி மகளிடம் சொன்னார்கள். இது பழையதாயிற்றே என்று ஆயிஷா (ரலி) அவர்கள் கேட்டார்கள். புதுத் துணிக்கு மய்யித்தைவிட உயிரோடிருப்பவரே அதிகத் தகுதியுடையவர் என்று கலீஃபா பதில் சொன்னார்கள். அதன்படியே ஆயிற்று.