எட்டாவது சேவையகம்

2012ஆம் ஆண்டு ஆகஸ்டு 1. நியூயார்க் பங்குச்சந்தை திறந்ததும், நைட் கேப்பிட்டல் என்னும் நிறுவனத்தின் கணினி ஒன்று, எவரும் கேளாத பங்குகளை வாங்கவும் விற்கவும் தொடங்கியது. ஏறத்தாழ 45 நிமிடங்களில் இழப்பு 46 கோடி டாலரைக் கடந்தது. எட்டுச் சேவையகங்களில் புதிய நிரலை ஏற்ற வேண்டிய பணியாளர் ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்; அதைச் சரிபார்க்க இரண்டாமவர் அமர்த்தப்படவில்லை. விடுபட்ட சேவையகத்தில், 2003ஆம் ஆண்டிலேயே கைவிடப்பட்ட பழைய நிரற்பகுதி நீக்கப்படாமல் கிடந்தது. அதனை இயக்கும் குறியையே புதிய நிரலும் பயன்படுத்தியதால் அது விழித்துக்கொண்டது. காரணம் அறியாமல், மற்ற ஏழிலிருந்தும் புதிய நிரலை நீக்கினர். பிழை எட்டிலும் பரவியது!

இது பங்கு வணிக மென்பொருள். ஆயினும் நாள்தோறும் திருத்தம் பெறும் இணையச் செயலிகளுக்கும் இதே இடர் உண்டு. பயனரின் கோரிக்கை எந்தச் சேவையகத்தையும் அடையலாம். ஒன்றில் பழைய பதிப்பு எஞ்சியிருப்பின், ஒரே பொருளுக்கு இருவேறு விலைகள் தோன்றும்.

கைவேலையின் இக்குறையைக் களையப் பிறந்தவையே உள்ளமைவு மேலாண்மைக் கருவிகள். ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மார்க் பர்ஜெஸ் 1993இல் ‘சிஎஃப்எஞ்சின்’ என்னும் கருவியை உருவாக்கினார். பப்பெட், செஃப், ஆன்சிபிள் ஆகியன பின்னர் வந்தன. செய்ய வேண்டிய செயலை அன்று, இருக்க வேண்டிய நிலையை எழுதுவதே இவற்றின் அடிப்படை. ‘குழம்பில் உப்பிடு’ என மூவர் மும்முறை கட்டளையிட்டால் குழம்பு கெடும். ‘ஒரு கரண்டி உப்பு இருத்தல் வேண்டும்’ என்றால் எத்தனை முறை கூறினும் கெடாது. கருவி ஒவ்வொரு சேவையகத்தையும் ஆராய்ந்து, குறையிருந்தால் மட்டுமே திருத்துகிறது. எட்டாவது சேவையகம் அதன் பட்டியலிலிருந்து மறதியால் நழுவாது.

எனினும், அடிக்கடி மாறும் செயலிக்கு இது மட்டும் போதாது. பப்பெட் கருவி இயல்பாக முப்பது நிமிடத்திற்கு ஒருமுறையே நிலையைச் சரிபார்க்கும். அவ்விடைவெளியில் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் அருகருகே இயங்கும். எனவே, வரிசையையும் வகுத்தல் வேண்டும்: சில சேவையகங்களைப் பயனர் வரத்திலிருந்து விலக்கி, புதுப்பித்து, சோதித்து, மீண்டும் இணைத்த பின்னரே அடுத்தவற்றைத் தொடுவர். ஆன்சிபிள் கருவியில் ஒரு முறைக்கு எத்தனை என்பதையும் குறிப்பிடலாம். தரவுத்தளத்தை மாற்றுவதுதான் கடினம். அங்குப் புதிய நெடுவரிசையை முதலில் சேர்த்து, இரு பதிப்புகளும் இயங்க இடமளித்து, பழைய பதிப்பு எங்கும் இல்லை என்று உறுதியான பிறகே பழைய நெடுவரிசையை நீக்குவர்.